இராம்பூர்க் கத்தி: மலிவுக் கருவியொன்றின் வரலாறு

அருங்காட்சியகங்களில் வாளும் கட்டாரியும் சிறப்பிடம் பெறுகின்றன. பிடியில் பதித்த கல், அலகில் பொறித்த பெயர், உடையவரின் குலம் ஆகியவற்றைக் கொண்டு அவற்றின் காலத்தையும் இடத்தையும் கணிக்க முடிகிறது. எளிய மக்கள் இடுப்பு மடியிலும் சட்டைப் பையிலும் வைத்துப் புழங்கிய மடக்குக் கத்திக்கு அத்தகைய வாய்ப்பு அமைவதில்லை. சாணையில் தேய்ந்து தேய்ந்து அலகு மெலிந்ததும் அது பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்கிறது. வாங்கியவர் அதன் விலையைக் குறித்து வைப்பதில்லை. செய்தவர் தம் பெயரை ஏட்டில் ஏற்றுவதில்லை. ஆகவே இத்தகைய பொருளின் வரலாற்றை அறிய விழைவோர் எதிர்பாராத ஒரு சான்றுத் தொகுதியை நாட வேண்டியுள்ளது. அக்கத்தியைத் தடுப்பதற்கென எழுந்த சட்டங்களும் அச்சட்டங்களின்கீழ் நடைபெற்ற வழக்குகளின் தாள்களுமே அத்தொகுதியாகும்.

வட இந்தியாவில் 'இராம்பூரி' என்ற பெயரால் அறியப்படும் பெரிய மடக்குக் கத்தியை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அது கருவியா, படைக்கலமா என்ற வினாவிற்குச் செய்தவரும் வைத்திருந்தவரும் காவலரும் நீதிமன்றமும் வெவ்வேறு விடை கூறியுள்ளனர். கொல்லர்களின் பிழைப்பும், கத்தியைப் பையில் வைத்திருந்தவர்களின் விடுதலையும் அவ்விடையைப் பொறுத்தே அமைந்தன.

அமைப்பு

மடக்குக் கத்தி மிகப் பழையது. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் என்னுமிடத்தில் கிடைத்த எலும்புப் பிடியுள்ள மடக்குக் கத்தி கி.மு. ஆறாம் நூற்றாண்டை ஒட்டியது எனக் கருதப்படுகிறது. உரோமானியர்களும் இதனைப் பெருமளவில் பயன்படுத்தினர். உறை வேண்டாமை இதன் முதற்பயன். பிடியே உறையாகிவிடுவதால் தோலுக்கும் தைப்புக்குமான செலவு மிஞ்சுகிறது. பயணத்தில் உடையையும் உடலையும் கீறுவதில்லை.

இப்பயனுக்கு ஈடாக ஒரு குறையும் உண்டு. அலகு பிடியோடு ஓர் ஆணியால் மட்டுமே இணைக்கப்பட்டுள்ளது. பேனாக்கத்தி போன்ற சிறு கத்தியில் இது பெரிய இடராவதில்லை. அலகு ஒரு சாணை எட்டியதும், வெட்டும்போது ஏற்படும் அழுத்தம் அலகை மடக்கி விரல்களின்மேல் விழச் செய்துவிடும். எனவே பெரிய மடக்குக் கத்திக்குப் பூட்டு இன்றியமையாதது. நுட்பமான பூட்டோ விலையை ஏற்றும். பெரிதாகவும் இருக்க வேண்டும், மலிவாகவும் இருக்க வேண்டும் என்ற இரு வேண்டல்களையும் ஒருங்கே நிறைவு செய்த தீர்வு பற்பூட்டாகும். அலகின் அடிப்பகுதியில் சில பற்கள் வெட்டப்படுகின்றன. பிடியின் முதுகில் ஒரு பட்டைவில் பொருத்தப்படுகிறது. அலகைத் திறக்குங்கால் ஒவ்வொரு பல்லும் வில்லைத் தூக்கி விழச் செய்கிறது. அதனால் 'கர், கர்' என்னும் ஒலி எழுகிறது. முழுவதும் திறந்ததும் கடைசிப் பல் பற்றிக்கொள்ள, அலகு அசையாது நிற்கிறது. ஒரு வளையத்தை இழுத்தோ பொத்தானை அழுத்தியோ வில்லை உயர்த்தினால் அலகு மடங்குகிறது. அரத்தால் பல் வெட்டத் தெரிந்த எந்தக் கொல்லரும் இதனைச் செய்யலாம். இயந்திரம் எதுவும் தேவையில்லை.

பின்னாளில் அச்சத்தின் அடையாளமாகக் கருதப்பட்ட அவ்வொலி, கைவினைஞரின் நோக்கில், விரல் அறுபடாமல் காக்கும் பற்களின் ஒலியே. இது மனங்கொள்ளத்தக்கது.

இத்தகைய கத்தியின் பயன்கள் பல. முலாம்பழத்தையும் தர்ப்பூசணியையும் ஒரே வீச்சில் பிளக்கச் சிறு கத்தி உதவாது. கரும்பு சீவவும், கயிறு அறுக்கவும், வழிப்பயணத்தில் இறைச்சி நறுக்கவும் நீண்ட அலகே ஏற்றது. தற்காப்புக்கென வைத்திருந்தவர்களும் இருந்தனர். தாக்குவதற்கென வைத்திருந்தவர்களும் இருந்தனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரே கத்தி காலையில் மாம்பழத்தையும் மாலையில் மனிதனையும் வெட்டக்கூடும். சட்டம் இயற்றுவோருக்கு இதுவே தீராத சிக்கலாயிற்று.

பெயர்கள்

இந்தி, உருது ஆகிய மொழிகளில் கத்தியைக் குறிக்கும் 'சாக்கூ' என்ற சொல் பாரசீகத்தின் வழியே வந்தது. பாரசீகத்திற்கு அது துருக்கிய மொழியினின்று சென்றது என்பர். மராத்தி, கன்னடம், தெலுங்கு ஆகியவையும் இச்சொல்லை ஏற்றுக்கொண்டன. தமிழில் 'கத்தி'யே நிலைத்துவிட்டது. எனினும் கத்தியின் வகைகளைக் குறிக்கத் தமிழும் வெளியிலிருந்து பெயர்களைப் பெற்றுள்ளது. 'பிச்சுவா' என்பது தேளைக் குறிக்கும் இந்திச் சொல்லோடு தொடர்புடையது. 'சூரி' என்பது வடமொழிச் 'சுரிகா' என்பதன் வழிவந்தது. அதன் மூலமான 'க்ஷுரம்' சவரக் கத்தியைக் குறிக்கும். இசுபானிய மக்களின் பெரிய மடக்குக் கத்தியான 'நவாஹா'வின் பெயரும் இலத்தீனில் சவரக் கத்தியைக் குறித்த 'நொவாகுலா' என்பதிலிருந்தே பிறந்தது. தொடர்பற்ற இரு நிலங்களில் நாவிதர் கையிலிருந்த கருவியின் பெயர் கத்தியின் பெயராக மாறியுள்ளமை சுவையான ஒப்புமையாகும்.

'இராம்பூரி' என்பது முதலில் பெயரடை. 'இராம்பூரைச் சேர்ந்த' என்பது அதன் பொருள். நாளடைவில் 'சாக்கூ' என்ற பெயர்ச்சொல் உதிர்ந்து, பெயரடையே பெயராக நின்றுவிட்டது. எங்கே செய்யப்பட்டதாயினும் பற்பூட்டுள்ள பெரிய மடக்குக் கத்தி இராம்பூரியே எனப்பட்டது. சிவகங்கைப் பகுதியிலுள்ள திருப்பாச்சேத்தியின் பெயர் 'திருப்பாச்சி' எனச் சுருங்கி அரிவாளோடு ஒட்டிக்கொண்டதை இதனோடு ஒப்பிடலாம். ஊர்ப்பெயர் பொருட்பெயராகும்போது ஊருக்குப் புகழ் சேர்கிறது; பொருளுக்கு வரும் பழியும் உடன் சேர்கிறது.

நவாஹாவின் முன்மாதிரி

இராம்பூருக்குச் செல்லுமுன் இசுபானிய நாட்டு நிகழ்ச்சிகளைச் சுருக்கமாக நோக்குவது பயன்தரும். அங்கு வாள் அணிவது உயர்குடியினரின் உரிமையாக இருந்தது. உழவரும் கழுதை ஓட்டுவோரும் மாலுமியரும் வாள் அணிதல் இயலாது. அவர்கள் கையில் மடக்குக் கத்தி இருந்தது. அல்பசேட்டே நகரக் கொல்லர்கள் அதனை மலிவாகச் செய்து நாடெங்கும் விற்றனர். பதினெட்டாம் நூற்றாண்டில் அரச ஆணைகள் மீண்டும் மீண்டும் அதற்குத் தடை விதித்தன. ஒரே தடை பலமுறை விதிக்கப்பட்டமையே முந்தைய தடை பயனளிக்கவில்லை என்பதற்குச் சான்று. 1849இல் மாத்ரிதில் நவாஹாவைக் கையாளும் முறையைக் கற்பிக்கும் சிறுநூலொன்றும் அச்சாயிற்று. பற்பூட்டும் அதன் ஒலியும் இக்கத்திக்கும் உரியவை. ஒலியை வைத்து அதற்குக் 'கர்ராக்கா' என்ற பெயரும் வழங்கியது.

இங்குப் பெறப்படும் செய்தி ஒன்று. வாள் மறுக்கப்பட்ட இடத்தில் மடக்குக் கத்தி வளர்ந்தது. இராம்பூரிலும் இதனை ஒத்த நிலைமை இருந்தது. ஆயின் அங்கு வாளை மறுத்தது உயர்குடிப் பெருமை அன்று, அயல்நாட்டு ஆட்சி.

இராம்பூர் அரசு

1774இல் அவத் நவாபு சுஜா-உத்-தௌலாவும் கிழக்கிந்தியக் கும்பினிப் படையும் சேர்ந்து உரோகில்லா ஆப்கானியரைப் போரில் வென்றனர். அவர்களின் தலைவர் ஹாபிஸ் இரகமத் கான் போர்க்களத்தில் மாண்டார். எஞ்சிய தலைவர்களுள் ஒருவரான பைசுல்லா கானுக்கு ஒரு சிறு நிலப்பகுதி விடப்பட்டது. அதுவே இராம்பூர் அரசு. அவ்வாண்டு அக்டோபரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி அவர் 5,000 வீரர்களுக்குமேல் வைத்துக்கொள்ளலாகாது. வாள் ஏந்தி வாழ்ந்த ஒரு குலத்தின் அரசு, வாள்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியே பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

1857 எழுச்சியின்போது நவாபு யூசுப் அலி கான் ஆங்கிலேயர் பக்கம் நின்றார். அதற்குப் பரிசாக நிலமும் பெற்றார். அவ்வெழுச்சிக்குப் பின் சுற்றியிருந்த ஆங்கிலேய நிலப்பகுதிகளில் மக்களிடமிருந்து படைக்கலங்கள் பறிக்கப்பட்டன. 1878இல் லிட்டன் பிரபுவின் ஆட்சியில் படைக்கலச் சட்டம் நிறைவேறியது. துப்பாக்கி, துப்பாக்கிமுனை ஈட்டி, வாள், குத்துவாள், ஈட்டி, ஈட்டிமுனை, வில், அம்பு ஆகியன படைக்கலம் என்ற சொல்லுள் அடங்கும் என அச்சட்டம் கூறியது. உரிமம் இன்றி இவற்றைத் தாங்கிச் செல்லலாகாது. ஆனால் இப்பட்டியலில் மடக்குக் கத்தி பெயர் குறித்துச் சொல்லப்படவில்லை. மற்றொன்றும் கருதத்தக்கது. இச்சட்டம் ஆங்கிலேய இந்தியாவுக்கே உரியது. இராம்பூர் ஒரு சுதேச அரசாதலின் சட்டத்தின் நேர் ஆட்சி அங்குச் செல்லாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த ஆங்கிலக் குறிப்பேடுகள் இராம்பூரின் உற்பத்திப் பொருள்களாக நெய்த துணி, மட்பாண்டம் ஆகியவற்றுடன் வாள் அலகுகளையும் குறிப்பிடுகின்றன. அண்டை மாவட்டங்களில் வாள் தாங்க உரிமம் தேவைப்பட்ட காலத்தில், இராம்பூரில் வாள் அலகு செய்யும் கொல்லர்கள் தொழிலில் இருந்தனர் என்பது இதனால் பெறப்படும். நவாபின் அவைக்கும் படைக்கும் தேவைப்பட்ட வாள்கள் எத்தனை இருந்திருக்க முடியும்? வாள் செய்யக் கற்ற கை, எல்லைக்கு அப்பாலும் தடையின்றி விற்கத்தக்க ஒரு பொருளை நாடியிருத்தல் இயல்பே. சட்டப் பட்டியலில் பெயர் இல்லாததும், மடித்தால் ஒரு சாண் கோலாகிவிடுவதும், ஏழையும் வாங்கத்தக்கதும் ஆகிய மடக்குக் கத்தி அத்தகைய பொருள். இது ஊகமே எனினும் சான்றுகளோடு முரண்படாத ஊகம் எனலாம். இராம்பூர்க் கைவினைஞரின் வாய்மொழி மரபும் வாளுக்குப் பின் கத்தி வந்தது என்றே கூறுகிறது.

கத்தியின் உருவம் இக்கருத்துக்கு வலுவூட்டுகிறது. இராம்பூரியின் அலகு பேனாக்கத்தியின் அலகைப் பெரிதாக்கியதன்று. நுனி நோக்கி வளைந்து கூர்மையுறும் அதன் கோடு வாளின் கோட்டையே நினைவூட்டுகிறது. பிடி பித்தளையாலோ மரத்தாலோ கொம்பாலோ எலும்பாலோ அமைகிறது. விலைக்கேற்பப் பிடி மாறும்; பூட்டு மாறுவதில்லை.

1949இல் இராம்பூர், இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பகுதியாயிற்று. 175 ஆண்டுக்கால அரசு மறைந்தது. அதனோடு நவாபின் அவையும் மறைந்தது. வாளுக்கு இருந்த இறுதிப் புரவலரும் இல்லாமற் போனார். கொல்லர்களுக்கு எஞ்சியது கத்தி. அது விற்க வேண்டிய சந்தையோ ஒரே சட்டத்தின்கீழ் வந்த பெருநாடு.

அங்குலக் கணக்கு

அயலாட்சி படைக்கலம் பறித்ததைத் தேசிய இயக்கம் ஓர் அவமதிப்பாகவே கருதியது. 1931ஆம் ஆண்டுக் கராச்சிக் காங்கிரசின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டுப் படைக்கலம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றிருந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் இவ்வுரிமையை அரசியல் சட்டத்தில் சேர்க்குமாறு திருத்தம் கொணர்ந்தார். அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை, திருத்தம் தோற்றது. அரசியல் சட்டத்தில் பெயர் சொல்லிக் காக்கப்பட்ட கூரிய அலகு ஒன்றே ஒன்று. அது சீக்கியரின் கிர்பான். சமய உரிமை பற்றிய 25ஆம் உறுப்பின் விளக்கத்தில் அது இடம்பெற்றுள்ளது.

1959இல் இயற்றப்பட்டு 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த படைக்கலச் சட்டம், கூரிய முனையுள்ள கருவிகளையும் படைக்கலத்தில் அடக்கியது. வீட்டுப் பயனுக்கோ வேளாண்மைக்கோ மட்டும் வடிவமைக்கப்பட்டவற்றை விலக்கியது. 1962ஆம் ஆண்டு விதிகள், 9 அங்குலத்திற்கு மேற்பட்ட நீளமோ 2 அங்குலத்திற்கு மேற்பட்ட அகலமோ உள்ள அலகுகளைப் படைக்கலப் பட்டியலின் ஐந்தாம் வகையில் சேர்த்தன. இராம்பூரியின் நீண்ட வகைகள் இவ்வளவைக் கடந்தவை. அவற்றைச் செய்யவும் விற்கவும் இனி உரிமம் வேண்டும். 2016இல் புதிய விதிகள் வந்து பழையவற்றின் இடத்தைப் பெற்றன.

அக்காலத்தில் இந்தியா மட்டும் இவ்வழியில் செல்லவில்லை. அமெரிக்கா 1958இலும் பிரிட்டன் 1959இலும் பொத்தானை அழுத்தினால் தானே திறக்கும் கத்தியைக் கட்டுப்படுத்தின. அந்நாடுகளில் தெருக்கும்பல் பற்றிய அச்சம் செய்தித்தாள்களிலும் திரையிலும் பரவியிருந்த காலம் அது.

இந்தியச் சட்டத்தின் 4ஆம் பிரிவே மடக்குக் கத்தியின் பிற்கால வாழ்வைத் தீர்மானித்தது. ஒரு பகுதியின் நிலைமை கருதித் தேவை எனத் தோன்றினால், துப்பாக்கி அல்லாத படைக்கலங்களையும் அப்பகுதியில் உரிமமின்றி வைத்திருக்கலாகாது என அரசு அறிவிக்கை வெளியிடலாம் என்பது அப்பிரிவு. தில்லி நிருவாகம் 1980 அக்டோபர் 29ஆம் நாளிட்ட அறிவிக்கையால் இதனைச் செயற்படுத்தியது. வில்லால் இயங்குபவை, 'கராரிதார்' கத்திகள், 'பட்டன்தார்' கத்திகள், வேறு பொறியமைப்பால் திறக்கவோ மூடவோ செய்பவை ஆகியவற்றுள், 7.62 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட நீளமும் 1.72 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட அகலமும் உள்ள கூரிய அலகுடையவை அதன் இலக்காயின.

இவ்வறிவிக்கையின் மொழி தனித்து நோக்கற்பாலது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அரசாணை ஒன்று கத்திகளைச் சுட்டும்போது ஆங்கிலத்தில் சொல் கிடைக்காமல் பட்டறையின் சொல்லைக் கடன் வாங்கியுள்ளது. 'கராரி' என்பது இந்தியில் கிணற்றுக் கப்பியையும் பற்சக்கரத்தையும் குறிக்கும். 'தார்' என்பது 'உடையது' எனப் பொருள்படும் பாரசீகப் பின்னொட்டு. ஜமீன்தார், தாசில்தார், மிட்டாதார் என்னும் சொற்களில் தமிழர் நன்கறிந்தது. 'பட்டன்தார்' என்பதில் ஆங்கிலப் பெயரும் பாரசீக ஒட்டும் கூடி நிற்கின்றன. ஏடெழுதாத கொல்லர்களின் கலைச்சொற்கள் இரண்டு அரசிதழில் ஏறி நிலைபெற்றன. அவர்களின் தொழில்மொழி அரசு ஆவணத்தில் பதிவு பெற்றது அத்தொழிலைத் தடுக்கும் ஆணையிலேயே.

அளவும் கருதத்தக்கது. 7.62 செ.மீ. என்பது சரியாக மூன்று அங்குலம். மெட்ரிக் முறைக்கு மாறிய நாட்டில், அங்குலத்தில் எண்ணி மீட்டரில் எழுதியுள்ளனர். நாடு முழுமைக்குமான விதி ஒன்பது அங்குலத்திற்கு மேல் எனக் கூற, தலைநகர் மூன்று அங்குலத்திலேயே குற்றம் தொடங்குகிறது எனக் கொண்டது. வேறுபாடு நீளத்தில் மட்டும் இல்லை. விதி அலகை அளந்தது. அறிவிக்கை பூட்டை நோக்கியது. தமிழகத்து உழவர் தோளில் சுமந்து செல்லும் அரிவாள் எந்த இராம்பூரியினும் பெரிது. அது வயலுக்குரியதாதலின் சட்டத்தின் விலக்கினுள் நிற்கிறது. பூட்டுள்ள மூன்றங்குல மடக்குக் கத்தி அவ்விலக்கைப் பெறுவதில்லை. மறைக்கத்தக்கது என்பதே அதன் குற்றம். உறை வேண்டாமை என்ற முதற்பயன் இங்குக் குற்றச்சாட்டாக மாறிவிட்டது.

இதே சிக்கலைப் பிரிட்டனும் சந்தித்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று அங்குலத்திற்கு மேற்படாத மடக்குக் கத்திக்குப் பொது இடத்தில் விலக்களித்தது. 1990களின் தொடக்கத்தில் அந்நாட்டு நீதிமன்றம், திறந்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தி அவ்விலக்கில் அடங்காது எனத் தீர்த்தது. பிரான்சின் சவோய் பகுதியில் 1890இல் யோசப் ஒப்பினெல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி மலிவுக்குப் பெயர் பெற்றது. 12ஆம் எண் கத்தியின் அலகு 12 செ.மீ. நீளமுடையது. 1955இல் விரல்களைக் காக்க அதற்குச் சுழலும் வளையப் பூட்டு சேர்க்கப்பட்டது. பிரான்சில் அது உழவரின் பாலாடைக் கத்தியாகவே மதிக்கப்பட்டது. இராம்பூரிக்கும் அதற்கும் அலகில் இருப்பதைவிடப் புகழில்தான் வேறுபாடு மிகுதி.

வழக்குத் தாள்களில் கத்தி

தில்லி அறிவிக்கையின்கீழ்ப் பல பத்தாண்டுகளாக வழக்குகள் நடந்து வந்துள்ளன. அவற்றின் தாள்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. இரவு உலாவில் காவலர் ஒருவரைக் கண்டு ஐயுறுகின்றனர். சோதனையில் காற்சட்டைப் பையிலிருந்து பட்டன்தார் கத்தி கிடைக்கிறது. அதிகாரி கத்தியைத் திறந்து வெள்ளைத் தாளின்மேல் வைத்து, அதன் வெளிக்கோட்டை வரைகிறார். அலகின் நீளம், அகலம், பிடியின் நீளம் ஆகியன குறிக்கப்படுகின்றன. பின்னர் கத்தி துணியில் பொதிந்து முத்திரையிடப்படுகிறது. 1983ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் ஓராண்டுக்குக் குறையாத சிறை. குறைக்க வேண்டின் நீதிபதி சிறப்புக் காரணம் எழுத வேண்டும்.

வழக்கு பெரும்பாலும் அவ்வரைபடத்தைச் சுற்றியே நடைபெறுகிறது. முதல் தகவல் அறிக்கை பதிவாகும் முன்பே வரையப்பட்டதாகச் சொல்லப்படும் தாளில், அவ்வறிக்கையின் எண் எவ்வாறு இடம்பெற்றது? ஆள் நடமாட்டமுள்ள தெருவில் நடந்த சோதனைக்குப் பொதுமக்களுள் ஒருவர்கூடச் சாட்சியாகச் சேர்க்கப்படாதது ஏன்? முத்திரை காவலர் கையிலேயே இருந்தபோது பொதியில் உள்ளது அதே கத்திதான் என்பதற்கு உறுதி என்ன? இவ்வையங்களை எழுப்பிக் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்த தீர்ப்புகள் பல. சாட்சியங்களை ஏற்றுத் தண்டித்தவையும் உள. விடுவிக்கப்பட்டவரும் அந்நாள்வரை ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்திற்கு நடந்திருப்பார். சில பத்து உரூபாய்க்கு வாங்கக்கூடிய பொருளுக்கு நாட்கூலி இழப்பாகவும் வழக்கறிஞர் கட்டணமாகவும் அவர் செலுத்தியது அதன் விலையினும் பன்மடங்கு. சட்டம் காக்க முனைந்த பொது அமைதியைக் குறைத்து மதிப்பிடலாகாது. கத்திக்குத்தில் மாண்டோரும் அதே எளிய தெருக்களின் மக்களே. ஆயினும் அளவுகோலால் குற்றத்தை நிறுவும் முறை, யார் சோதிக்கப்படுகிறார் என்பதை அளப்பதில்லை. உணவு விடுதியின் சமையற்கட்டில் இதனினும் நீண்ட கத்திகள் தொங்குகின்றன. பையில் கத்தியோடு இரவில் நடந்து செல்பவனே சோதனைக்கு உள்ளாகிறான்.

வரலாற்றாய்வாளருக்கு இத்தாள்கள் வேறொரு வகையில் மதிப்புடையன. ஒவ்வொரு கோப்பிலும் கத்தி ஒன்றின் மெய்யளவு வரைபடம் உள்ளது. கிடைத்த நாளும் இடமும் உண்டு. வைத்திருந்தவரின் அகவையும் தொழிலும் உண்டு. எந்த அருங்காட்சியகமும் தொகுக்காத மலிவுக் கத்திகளின் பட்டியல் ஒன்று இவ்வாறு தானே உருவாகியுள்ளது. அலகு காலப்போக்கில் குறுகியதா, பற்பூட்டு அருகிப் பொத்தான் பெருகியதா என்பன போன்ற வினாக்களுக்கு இக்கோப்புகளை ஒப்பிட்டு விடை காணலாம். கோப்புகள் அழிக்கப்படுவதற்கு முன் அப்பணி நடைபெற வேண்டும்.

திரையும் பட்டறையும்

கத்தியின் பெயரை நாடறியச் செய்தது இந்தித் திரைப்படம். 1965இல் யஷ் சோப்ரா இயக்கிய 'வக்த்' படத்தில், தன்முன் நீட்டப்படும் மடக்குக் கத்தியை இராஜ்குமார் பதற்றமின்றி எதிர்கொள்ளும் காட்சி பெரும்புகழ் பெற்றது. பின்வந்த பத்தாண்டுகளில் பம்பாய்ப் படங்களின் அடியாள் எவனும் கத்தியைத் திறக்காமல் பேசியதில்லை என்னும்படி அது வழக்கமாயிற்று. பற்களின் ஒலி இசையமைப்பாளருக்கும் பயன்பட்டது. பார்வையாளர் அலகைக் காணுமுன்பே அச்சம் கொண்டனர். திரையில் கத்தி பழம் நறுக்கியது அரிது. விற்பனையைத் திரை கூட்டியது. அதனோடு ஐயத்தையும் கூட்டியது. காவலரும் நீதிபதியும் அதே படங்களைப் பார்த்தவர்களே.

1990களில் உத்தரப் பிரதேச அரசு நாலரை அங்குலத்திற்கு மேற்பட்ட அலகுள்ள கத்திகளைச் செய்யத் தடை விதித்தது. நாலரை அங்குல இராம்பூரி கடையில் கிடைக்கும் பிற சிறு கத்திகளோடு போட்டியிட வேண்டியதாயிற்று. அப்போட்டியில் பட்டறைக் கத்தி தோற்றது. அச்சில் அடித்துத் தொழிற்சாலையில் வரும் கத்தியின் விலைக்குக் கையால் பல் வெட்டிய கத்தியைத் தர இயலாது. நீளமே இராம்பூரியின் தனித்தன்மை. அது போனபின் பெயர் மட்டும் எஞ்சியது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. கொல்லர் குடும்பத்து இளைஞர் வேறு தொழில் நாடினர்.

2023 மார்ச்சில் இராம்பூர் நகரின் நாற்சந்தி ஒன்றில் மடக்குக் கத்தியின் பேருருவம் ஒன்று நிறுவப்பட்டது. உள்ளூர்த் தொழிலுக்குப் புத்துயிர் ஊட்டுவது அதன் நோக்கம் என அறிவிக்கப்பட்டது. அதன் நீளம் 6.10 மீட்டர், அதாவது இருபது அடி. இங்கும் அடியில் எண்ணி மீட்டரில் எழுதியுள்ளனர். நாற்சந்திக்குச் 'சாக்கூ சௌக்' எனப் பெயர் வழங்குகிறது.